துறைமுகமும் நகரமும்: கொழும்பின் வளர்ச்சி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1

கடற்கரையில் அமைந்த வணிக நகரைத் தமிழர் 'பட்டினம்' என வழங்கினர். காவிரிப்பூம்பட்டினம், நாகபட்டினம், யாழ்ப்பாணப்பட்டினம் என்னும் பெயர்களில் துறையும் குடியிருப்பும் ஒருசேரக் குறிக்கப்படுகின்றன. எனினும் பட்டினம் ஒருமைப்பட்ட சமுதாயமாக இருந்தது என்று இதிலிருந்து முடிவு செய்துவிட முடியாது. சிலப்பதிகாரம் காட்டும் புகார் நகரம் இரு பாக்கங்களைக் கொண்டது. கடலையடுத்த மருவூர்ப்பாக்கத்தில் மீன் விற்போரும் உப்பு விற்போரும் பல்வகைக் கைவினைஞரும் யவனரும் வாழ்ந்தனர். உள்ளே அமைந்த பட்டினப்பாக்கத்தில் அரச வீதியும் அந்தணர், பெருவணிகர் முதலியோரின் மனைகளும் இருந்தன. இரண்டுக்கும் இடையே நாளங்காடி இருந்தது. துறையில் உழைப்போரும் துறையின் பயனைத் துய்ப்போரும் வெவ்வேறிடங்களில் வாழ்ந்தனர் என்பதும், அவர்கள் சந்திக்கும் இடமொன்று நகரமைப்பிலேயே இருந்தது என்பதும் இங்கு மனங்கொள்ளத்தக்கவை.

துறைமுகத்துக்கும் அதனைச் சூழ்ந்த நகருக்குமுள்ள உறவைப் புவியியலாளர் பலர் ஆராய்ந்துள்ளனர். பிரித்தானியத் துறைமுகங்களை ஆராய்ந்த ஜேம்ஸ் பேர்ட் என்பார் 1963இல் வெளியிட்ட நூலில், துறைமுகங்கள் பழைய நகர மையத்தையொட்டிய சிறு இறங்குதுறையாகத் தொடங்கி, படிப்படியாக ஆழ்கடலை நோக்கி நகர்ந்து, ஈற்றில் நகரிலிருந்து விலகிவிடுகின்றன என்னும் பொது மாதிரியொன்றை எடுத்துக் கூறினார். கப்பல்களின் பருமன், நீரின் ஆழம், சரக்கைக் கையாளும் முறை என்பன இவ்விலகலுக்கு விளக்கமாகக் கூறப்படுவது வழக்கம். இவ்விளக்கம் பிழையானதன்று. ஆயினும் குடியேற்றநாட்டு ஆட்சியின் கீழ் உருவான ஒரு துறைமுக நகரை விளங்கிக்கொள்ள அது போதுமானதன்று. துறைமுகம் யாருடைய தேவைக்காக அமைக்கப்பட்டது, அதன் நிலம் எந்தச் சட்டத்தின் கீழ் ஆளப்பட்டது, அதன் ஆதாயம் யாரைச் சென்றடைந்தது, அதன் சுமை யார் தலையில் வீழ்ந்தது என்னும் வினாக்களையும் நாம் எழுப்புதல் வேண்டும்.

இவ்வினாக்களைக் கொழும்பை முன்வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கொழும்பிலே துறைமுகமும் நகரமும் அடுத்தடுத்து வளர்ந்தன; ஆனால் ஒரே ஆட்சியின் கீழ், ஒரே திட்டத்தின் பகுதிகளாக அவை வளர்க்கப்படவில்லை. துறைமுகத்தை நகர மக்களின் அதிகாரத்துக்கு அப்பால் வைத்திருக்கும் வழக்கம் ஆட்சிகள் மாறியபோதும் மாறாது தொடர்ந்து வந்துள்ளது. வட கொழும்பு மக்களின் வாழ்நிலையை விளக்குவதற்கு இதனினும் சிறந்த திறவுகோல் இல்லை என்பது எமது கருத்து.

2

கொழும்பு இயற்கைத் துறைமுகமன்று. களனியாற்றின் முகத்துவாரத்துக்குத் தெற்கே, சிறியதொரு கடல்முனையின் மறைவில் அமைந்த திறந்த நங்கூரமிடுமிடமாகவே அது நெடுங்காலம் இருந்தது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கப்பல்கள் அங்கு தங்குவது ஆபத்தானது. எனினும் கறுவா விளையும் மேற்குக் கரையோரத்துக்கும், கோட்டை இராச்சியத்தின் தலைநகருக்கும் அண்மையில் இருந்தமையால் வணிகர் அதனை நாடினர். 1344ஆம் ஆண்டளவில் இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்த இபுனு பதூதா, கொழும்பை இத்தீவின் பெரிய, அழகிய நகரங்களுள் ஒன்றாகக் குறிப்பிட்டுள்ளார். போர்த்துக்கேயர் வருமுன்னரே முஸ்லிம் வணிகரின் குடியிருப்பு அங்கு நிலைபெற்றிருந்தது.

16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த போர்த்துக்கேயர் 1518இல் இங்கே கோட்டை அமைத்தனர். 1656இல் ஒல்லாந்தர் கொழும்பைக் கைப்பற்றிய பின், போர்த்துக்கேயரின் பரந்த மதில் நகரைச் சுருக்கி, கடலோரத்தில் வலிமை மிக்க புதிய கோட்டையைக் கட்டினர். கோட்டைக்கு உள்ளே கம்பனியின் ஆட்சியும் பண்டகசாலைகளும் இருந்தன. வெளியே பழைய நகர் இருந்தது. இப்பிரிவு பெயர்களிலேயே பதிந்துவிட்டது. இன்றும் நாம் 'கோட்டை' என்றும் 'புறக்கோட்டை' என்றும் வழங்கும் பெயர்கள், மதில் மறைந்து ஒன்றரை நூற்றாண்டு கழிந்த பின்னரும் மதிலின் இரு பக்கங்களையே சுட்டி நிற்கின்றன. பேரை வாவிக்கு அப்பாலுள்ள கொம்பனித்தெரு ஆங்கிலத்தில் நெடுங்காலம் அடிமைத் தீவு என்னும் பொருள்படும் பெயராலேயே அழைக்கப்பட்டது. ஒல்லாந்தக் கம்பனியின் அடிமைகள் இரவில் அங்கே தங்கவைக்கப்பட்டமையே அதற்குக் காரணம். துறையில் பகலெல்லாம் உழைத்தோரை இரவில் நீருக்கு அப்பால் ஒதுக்கும் ஏற்பாடு கொழும்பின் நகரமைப்பில் அத்துணைப் பழமை வாய்ந்தது.

3

1796இல் கொழும்பு ஆங்கிலேயர் வசமாயிற்று. ஆயினும் அடுத்த எழுபது ஆண்டுகளுக்கு மேலாக நெடுந்தூரக் கப்பல்களுக்குரிய முதன்மைத் துறையாகக் காலியே விளங்கியது. ஐரோப்பாவுக்கும் கீழைத் தேயங்களுக்கும் இடையே ஓடிய நீராவிக் கப்பல்கள் அங்கேயே நிலக்கரி ஏற்றின. இயற்கை அமைப்பில் நிகரற்ற துறைமுகம் திருகோணமலையில் இருந்தது. இவ்விரண்டையும் விடுத்துக் கொழும்பு தேர்ந்தெடுக்கப்பட்டதன் காரணத்தைக் கடலிலன்றி மலைநாட்டிலேயே தேடவேண்டும்.

1830களிலிருந்து மத்திய மலைநாட்டில் கோப்பிப் பெருந்தோட்டங்கள் பெருகின. விளைபொருளைக் கடற்கரைக்குக் கொணரும் வழிகள் யாவும் கொழும்பை நோக்கியே அமைந்தன. 1864இல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸை வரையும், 1867இல் கண்டி வரையும் புகையிரதப் பாதை அமைக்கப்பட்டது. 1869இல் சுயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் கீழைக் கடல்களில் கப்பற் போக்குவரத்துப் பன்மடங்காகப் பெருகிற்று. தேசாதிபதி சேர் வில்லியம் கிரெகரியின் காலத்தில், சேர் ஜோன் கூட் என்னும் பொறியியலாளரின் திட்டத்தின்படி, 1875ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் தென்மேற்கு அலைதடுப்புக்கான அடிக்கல்லை வேல்ஸ் இளவரசர் நாட்டினார். 1885இல் அது நிறைவெய்தியது. பின்னர் வடகிழக்கு, வடமேற்கு அலைதடுப்புகளும் சேர்ந்து, 1912ஆம் ஆண்டளவில் கொழும்பு எல்லாப் பருவத்திலும் கப்பல் தங்கக்கூடிய செயற்கைத் துறைமுகமாயிற்று. அலைதடுப்புக்கு வேண்டிய கல் மகரையிலே சிறைக் கைதிகளைக் கொண்டு உடைக்கப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது. கொழும்புத் துறைமுகத்தின் பெருமை பேசும் நூல்கள் இளவரசரின் பெயரை மறப்பதில்லை. கல்லுடைத்தோரைப் பற்றி அவை அதிகம் பேசுவதுமில்லை.

கோப்பி நோயால் அழிந்து தேயிலை அதன் இடத்தைப் பிடித்தபோதும் இவ்வமைப்பு மாறவில்லை, மேலும் வலுப்பெற்றது. தேயிலையும் இறப்பரும் தெங்குப் பொருள்களும் ஏற்றுமதியாயின. தோட்டத் தொழிலாளருக்கும் நகர மக்களுக்கும் வேண்டிய அரிசி பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் இறக்குமதியாயிற்று. ஒரு நாட்டின் பொருளாதாரம் முழுவதும் ஒரே வாயிலினூடாகச் சென்று வருமாறு அமைந்தது. காலி தளர்ந்தது, யாழ்ப்பாணக் குடாநாட்டின் சிறு துறைகள் கரையோர வணிகத்தோடு நின்றன. கொழும்பின் எழுச்சியை ஏனைய துறைகளின் வீழ்ச்சியோடு சேர்த்து நோக்கினாலன்றி அதன் முழுப் பொருளும் புலனாகாது.

ஒல்லாந்தர் கட்டிய கோட்டை மதில்கள் 1869ஆம் ஆண்டு தொடக்கம் இடிக்கப்பட்டன. இராணுவக் கோட்டை வணிகக் கோட்டையாயிற்று. ஆங்கிலேய வங்கிகள், கப்பற் கம்பனிகள், தோட்ட முகவர் நிலையங்கள் ஆகியன அங்கு அமைந்தன. புறக்கோட்டையோ உள்நாட்டு வணிகரின் இடமாயிற்று. அங்கு முஸ்லிம் வணிகரும், சிங்கள வணிகரும், தமிழ் வணிகரும், போறா, சிந்தி முதலிய இந்திய வணிகரும் கடைகள் நடத்தினர். செட்டியார் தெருவில் நாட்டுக்கோட்டைச் செட்டிமார் அரிசி வணிகத்துக்கும் சிறு தோட்டச் சொந்தக்காரருக்கும் கடன் வழங்கினர். ஆங்கிலேய வங்கிகள் உள்நாட்டவருக்கு நேரே கடன் கொடாது செட்டிமாருக்குக் கொடுத்தன. செட்டிமார் கூடிய வட்டிக்கு உள்நாட்டவருக்குக் கொடுத்தனர். 1925இல் வங்கிகள் இக்கடன் வழியை ஒடுக்கியபோது நாட்டின் உள்ளூர் வணிகமே நெருக்கடிக்குள்ளாயிற்று. 1939இல் இலங்கை வங்கி தோன்றியதன் பின்னணியில் இவ்வனுபவமும் உண்டு. கோட்டைக்கும் புறக்கோட்டைக்கும் இடையே நின்ற கல்மதில் போயிற்று, கடன்மதில் நின்றது.

4

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆங்கிலேய உயர்குடியினரும் வசதி படைத்த ஏனையோரும் வாழ்ந்த இடங்கள் முகத்துவாரமும் கொட்டாஞ்சேனையும் ஆகும். கடற்காற்றும் ஆற்றுமுகமும் தோப்புகளும் கொண்ட அப்பகுதிகளில் விசாலமான மாளிகைகள் இருந்தன. துறைமுகம் விரிந்தபோது நிலைமை தலைகீழாயிற்று. நிலக்கரிக் கிடங்குகளும் பண்டகசாலைகளும் புகையிரத முற்றங்களும் வடக்கே பரவின. வசதியுள்ளோர் தெற்கே கொள்ளுப்பிட்டிக்கும், கிழக்கே கறுவாத்தோட்டத்துக்கும் இடம்பெயர்ந்தனர். 1851இல் முகத்துவாரத்தில் நிறுவப்பட்ட புனித தோமையர் கல்லூரி 1918இல் கல்கிசைக்கு மாற்றப்பட்டது. துறைமுகத்தின் நெருக்கமும் நிலக்கரித் தூசும் அதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. கல்லூரி போகலாம், கல்லூரியைச் சூழ்ந்திருந்த தொழிலாளர் குடும்பங்கள் போக முடியாது. அவர்கள் அதே தூசியில் தங்கினர்.

நகரின் சனத்தொகை 1871இல் ஏறத்தாழ ஒரு இலட்சமாக இருந்து, 1911இல் இரண்டு இலட்சத்தைத் தாண்டியது. வந்து சேர்ந்தோர் துறைமுகத்துக்கு நடந்து செல்லக்கூடிய தூரத்திலேயே குடியிருக்க விரும்பினர். நாட்கூலிக்கு வேலை செய்வோன் விடியுமுன் துறைமுக வாயிலில் நிற்கவேண்டும். கப்பல் வந்தால் வேலை, வாராவிட்டால் பட்டினி. ஆகவே கைவிடப்பட்ட மாளிகைகளின் வளவுகளிலும் பின்புறங்களிலும் வரிசை வரிசையாக ஓரறை வீடுகள் எழுந்தன. கொழும்புத் தமிழர் 'தோட்டம்' என்றும் 'முடுக்கு' என்றும் கூறும் குடியிருப்புகள் இவையே. ஆடிவேல் விழாவின் தேர் செட்டியார் தெருவிலிருந்து புறப்பட்டுப் பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைப் பக்கமுள்ள கோயில்களுக்குச் சென்று திரும்பும். அத்தேர் செல்லும் பாதை நகர் தெற்கே நீண்ட திசையையே காட்டுகின்றது எனலாம். செல்வம் அத்திசையில் சென்றது. உழைப்பு துறையருகே நின்றது.

1914ஆம் ஆண்டு கொழும்பில் கொள்ளைநோய் தோன்றியது. செட்டியார் தெருவையும் அதனையண்டிய அரிசிக் கிட்டங்கிகளையும் சார்ந்த நெருக்கமான குடியிருப்புகளே முதலில் பாதிக்கப்பட்டன. கப்பலில் அரிசியோடு எலியும், எலியோடு நோயும் வந்தன. பின்னர் புறக்கோட்டையருகே தேசாதிபதி சாமர்ஸின் பெயரால் பெருந் தானியக் களஞ்சியங்கள் அமைக்கப்பட்டன. 1915இல் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. இலங்கையில் நகரத் திட்டமிடலுக்குச் சட்ட அடிப்படை இட்ட முதலாவது முக்கிய சட்டம் இதுவாகும். வீதியின் அகலம், கட்டடத்தின் உயரம், காற்றும் வெளிச்சமும் வரும் இடைவெளி ஆகியவற்றை இச்சட்டம் ஒழுங்குபடுத்தியது. நெருக்கத்தை அது குற்றமாகக் கண்டது. நெருக்கத்தைத் தோற்றுவித்த நாட்கூலி முறையை அது தொடவில்லை.

இதற்கு நிருவாக அமைப்பிலும் ஒரு காரணம் உண்டு. 1865ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி கொழும்பு மாநகர சபை உருவாயிற்று. தொடக்கத்தில் அதன் தலைவராக மேல் மாகாண அரசாங்க அதிபரே விளங்கினார். வாக்குரிமை சொத்துள்ள மிகச் சிலருக்கே உரியதாயிருந்தது. அதுவும் போதாதென்று 1913இல் துறைமுகத்துக்கெனத் தனியாக ஓர் ஆணைக்குழு அமைக்கப்பட்டது. கப்பற் கம்பனிகளினதும் வணிகரினதும் நலன்கள் அதில் இடம்பெற்றன. இவ்வாறு நகருக்கு ஓர் ஆட்சியும் துறைமுகத்துக்கு வேறோர் ஆட்சியும் என்னும் ஏற்பாடு சட்டமாயிற்று. துறைமுக வருமானம் துறைமுக விரிவாக்கத்துக்கே திரும்பிச் சென்றது. அதன் புகையும் கழிவும் வண்டி நெருக்கமும் மாநகர சபையின் பொறுப்பாயின. வீதியைப் பழுது பார்ப்பது நகர். அவ்வீதியில் செல்லும் சரக்கின் ஆதாயம் துறைமுகத்துக்கு.

5

துறைமுகம் நகருக்குத் தந்தவற்றுள் வணிகத்துக்கு அடுத்ததாகக் குறிப்பிடத்தக்கது தொழிலாளர் இயக்கமாகும். கப்பல்கள் துறைமுகத்தின் நடுவே நங்கூரமிட, சரக்கு பாதைகளில் இறக்கப்பட்டுக் கரைக்குக் கொண்டுவரப்பட்ட காலம் அது. ஒவ்வொரு மூடையும் மனிதத் தோளைக் கடந்தே கப்பலுக்கும் கரைக்கும் இடையே சென்றது. தென்னிந்தியத் தமிழரும் மலையாளிகளும் சிங்களரும் முஸ்லிம்களும் கங்காணிமாரின் கீழ் அங்கு வேலை செய்தனர். இத்தொழிலாளர் வேலையை நிறுத்தினால் நாட்டின் ஏற்றுமதி இறக்குமதி யாவும் நிற்கும். 1920இலும் 1927இலும் நடந்த துறைமுக வேலைநிறுத்தங்கள் இவ்வலிமையை வெளிப்படுத்தின. 1922இல் ஏ. ஈ. குணசிங்க தொடக்கிய இலங்கைத் தொழிலாளர் சங்கத்தின் செல்வாக்கு 1927ஆம் ஆண்டு வேலைநிறுத்த வெற்றியால் உச்சத்தை அடைந்தது. இவ்வரலாற்றைக் கலாநிதி குமாரி ஜயவர்த்தனா 1972இல் வெளியிட்ட ஆய்வு நூலில் விரிவாக எடுத்துக்காட்டியுள்ளார்.

ஆயின் இவ்வொற்றுமை நிலைக்கவில்லை. உலகப் பொருளாதார மந்தம் வேலைவாய்ப்பைக் குறைத்த 1930களில் மலையாளித் தொழிலாளருக்கு எதிரான கிளர்ச்சி மூண்டது. முன்னர் பல இனத் தொழிலாளரையும் ஒன்றுசேர்த்த குணசிங்கவே அதன் முன்னணியில் நின்றார். 1939இல் அரசாங்கம் நாட்கூலிக்கு அமர்த்தியிருந்த இந்தியத் தொழிலாளரை நீக்கத் தீர்மானித்தது. அதற்குப் பதிலாக இந்திய அரசாங்கம் உடலுழைப்புத் தொழிலாளர் இலங்கைக்குச் செல்வதைத் தடைசெய்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் எஞ்சியிருந்தோரில் பலரை நாடற்றோராக்கிற்று. துறைமுகம் கட்டிய தோள்களுக்கு நகரிலே வாக்கில்லாது போயிற்று. வட கொழும்பு முடுக்குகளிற் பல தலைமுறையாக வாழ்ந்தோர் தம் வீட்டுக்கும் வீதிக்கும் உரிமை கோரும் வலிமையை இழந்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

6

கொழும்புக்குத் திட்டங்கள் குறைவாக இருந்ததில்லை. 1921இல் பற்றிக் கெடிஸ் தம் அறிக்கையை அளித்தார். 1940இல் கிளிபர்ட் ஹொலிடேயின் திட்டமும், 1946இல் நகர, நாட்டுத் திட்டமிடற் கட்டளைச் சட்டமும், 1948இல் பற்றிக் அபர்குரொம்பியின் பிரதேசத் திட்டமும் வந்தன. அபர்குரொம்பி நகரின் நெருக்கத்தைக் குறைக்க றாகமை, ஹோமாகமை, இரத்மலானை ஆகியவற்றில் துணை நகரங்களை அமைக்கும்படி கூறினார். 1978இல் நகர அபிவிருத்தி அதிகார சபை தோன்றியது. கொழும்புப் பெருந்திட்டமும் அதே ஆண்டுக்குரியது. 1982இல் பாராளுமன்றம் ஸ்ரீ ஜயவர்த்தனபுரக் கோட்டைக்கு மாற்றப்பட்டது. இத்திட்டங்கள் தம்முள் வேறுபட்டாலும், அவற்றை நிறைவேற்றும் அதிகாரம் ஓரிடத்திலும், நகரின் அமைப்பை உண்மையில் தீர்மானித்த துறைமுகம் பற்றிய அதிகாரம் வேறோரிடத்திலும் இருந்தமை அனைத்துக்கும் பொதுவாகும்.

துறைமுகத்திலும் மாற்றங்கள் நிகழ்ந்தன. 1950களில் கப்பல்கள் கரையோடு அணைந்து நிற்கத்தக்க இறங்குதுறைகள் கட்டப்பட்டன. 1958இல் தனியார் கம்பனிகளிடமிருந்த சரக்குக் கையாளும் பணி தேசியமயமாக்கப்பட்டுத் துறைமுக (சரக்கு)க் கூட்டுத்தாபனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. நாட்கூலியாளருக்கு நிலையான வேலையும் ஓய்வூதிய நலன்களும் கிடைக்க இது வழிவகுத்தது. துறைமுகத்தின் ஆதாயத்தில் ஒரு பகுதி கொட்டாஞ்சேனை வீடுகளின் அடுப்பை நேரே சென்றடைந்த காலம் இது. 1979இல் பல்வேறு அமைப்புகளும் ஒன்றிணைக்கப்பட்டு இலங்கைத் துறைமுக அதிகார சபை உருவாயிற்று.

இதே காலத்தில் கொள்கலன் முறை உலகக் கடல் வணிகத்தை மாற்றிக்கொண்டிருந்தது. 1985இல் ஜய கொள்கலன் முனையம் தொழிற்படத் தொடங்கியது. 1999இல் எலிசபெத் மகாராணி இறங்குதுறை தனியார் கூட்டு நிறுவனமொன்றிடம் கையளிக்கப்பட்டது. தெற்கே ஆழ்கடலில் புதிய அலைதடுப்புக் கட்டப்பட்டு, 2013இல் சீன முதலீட்டில் அமைந்த முனையம் இயங்கத் தொடங்கிற்று. இம்மாற்றத்தின் சமூகப் பொருளை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். முன்னர் பெருந்தொகையான தொழிலாளர் நாட்கணக்கில் இறக்கிய சரக்கை இன்று பாரந்தூக்கிகள் சில மணித்தியாலங்களில் இறக்குகின்றன. அன்றியும் கொழும்பில் இறங்கும் கொள்கலன்களின் பெரும்பங்கு இலங்கைக்கு வருவதன்று. ஒரு கப்பலிலிருந்து இறக்கப்பட்டு மறு கப்பலில் ஏற்றப்பட்டு இந்தியாவுக்கும் பிற நாடுகளுக்கும் செல்வது. துறைமுகம் பெரிதாகப் பெரிதாக, நகரின் கைகளும் கடைகளும் அதற்கு வேண்டாதவையாகின்றன.

போர்க்காலம் இப்பிரிவை மேலும் இறுக்கியது. 1983 ஜூலையில் புறக்கோட்டைத் தமிழ் வணிகரின் கடைகள் எரிக்கப்பட்டன. 1996ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள் மத்திய வங்கி குண்டுத் தாக்குதலுக்குள்ளாயிற்று. கோட்டையின் வீதிகள் பல மூடப்பட்டன. துறைமுகத்தைச் சூழ்ந்த பகுதி உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. ஒல்லாந்தர் காலத்து மதில் இடிக்கப்பட்ட இடத்தில் சோதனைச் சாவடிகள் எழுந்தன. துறைமுகத்துக்கு அருகே பிறந்து வளர்ந்த இளைஞனுக்கு அது வேலை தரும் இடமாக இல்லாது, அடையாள அட்டை கேட்கும் இடமாக மாறியது. 2010இல் நகர அபிவிருத்தி அதிகார சபையே பாதுகாப்பு அமைச்சின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. அதே ஆண்டில் கொம்பனித்தெருவில் வீடுகள் இடிக்கப்பட்டன. அடுத்து வந்த ஆண்டுகளில் நகரின் பெறுமதி மிக்க நிலங்களில் வாழ்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வட கொழும்பின் மாடிக் குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டன. வறியோரை வடக்கே நிறுத்தும் பழைய இயக்கம் இம்முறை அரசின் கையாலேயே நடந்தேறியது.

7

2014ஆம் ஆண்டு செப்டெம்பரில், காலிமுகத்துக்கு முன்னே கடலை நிரப்பித் துறைமுக நகரம் அமைக்கும் பணி தொடக்கிவைக்கப்பட்டது. 2019இல் 269 ஹெக்டேயர் நிலம் உருவாகி முடிந்தது. பெயரளவில் துறைமுகத்தையும் நகரையும் இணைக்கும் இத்திட்டம் உண்மையில் இரண்டினின்றும் விலகியது. அங்கு கப்பலும் இல்லை, சரக்கும் இல்லை. நிதி நிறுவனங்களுக்கும் உயர்தர வாழ்விடங்களுக்குமெனக் கடலிலிருந்து பெறப்பட்ட நிலம் அது. அதற்கு வேண்டிய மணல் கடலடியிலிருந்து அகழப்பட்டபோது நீர்கொழும்புக் கரையோர மீனவர் எதிர்ப்புத் தெரிவித்தனர்.

2021ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் பாராளுமன்றம் கொழும்புத் துறைமுக நகரப் பொருளாதார ஆணைக்குழுச் சட்டமூலத்தை நிறைவேற்றியது. இதன்படி அந்நிலம் மாநகர சபையின் அதிகாரத்துக்குப் புறம்பான தனி ஆணைக்குழுவின் ஆளுகைக்கு உட்பட்டது. இது முன்னோடியில்லாத புதுமை என ஆதரித்தோரும் எதிர்த்தோரும் கூறினர். வரலாற்று மாணவருக்கு அது புதுமையாகத் தோன்றாது. ஒல்லாந்தக் கம்பனியின் கோட்டை, 1913ஆம் ஆண்டுத் துறைமுக ஆணைக்குழு, சுதந்திர வர்த்தக வலயங்களை ஆளுவதற்கு 1978இல் அமைந்த பாரிய கொழும்புப் பொருளாதார ஆணைக்குழு என்பவற்றின் வரிசையில் அது அடுத்ததாகும். கடலோர நிலம் வெளிநாட்டு மூலதனத்துக்குத் தேவைப்படும்போதெல்லாம் அந்நிலத்தை நகரின் பொதுச் சட்டத்திலிருந்து பிரித்தெடுப்பதே இவற்றின் பொதுத்தன்மை. 1913இல் அதனைக் குடியேற்றநாட்டு அரசாங்கம் செய்தது. 2021இல் மக்கள் தெரிவு செய்த பாராளுமன்றம் செய்தது என்பதே வேறுபாடு.

சட்டமூலம் நிறைவேறிய அதே நாளில், கொழும்புக்கு அப்பால் நங்கூரமிட்டிருந்த எக்ஸ்பிரஸ் பேர்ள் என்னும் கொள்கலன் கப்பலில் தீப்பற்றியது. ஜூன் மாதத் தொடக்கத்தில் கப்பல் அமிழ்ந்தது. ஏறத்தாழ 1,680 தொன் பிளாத்திக்குத் துணிக்கைகள் கடலில் கலந்து மேற்குக் கரையெங்கும் ஒதுங்கின. மீன்பிடி தடைசெய்யப்பட்டது. அக்கப்பலில் எரிந்த சரக்கின் சொந்தக்காரர் யாரென்று அறியாத மீனவக் குடும்பங்களே அதன் விலையைக் கொடுத்தன. 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் கப்பல் தரப்பினர் 100 கோடி அமெரிக்க டொலரை இழப்பீடாகச் செலுத்தவேண்டுமெனத் தீர்ப்பளித்தது. துறைமுகத்தின் சுமை கரையோர மக்களின் பொதுவிதி என்றில்லாது, கணக்கிட்டு அறவிடத்தக்க கடனென நாட்டின் உச்ச நீதி மன்று ஏற்றமை நாம் கூர்ந்து கவனிக்கவேண்டிய திருப்பமாகும்.

அத்தீர்ப்பின் அடிப்படையை ஒரு விபத்தோடு நிறுத்திவிடாது, நாள்தோறும் நிகழும் இழப்புகளுக்கும் விரித்து நோக்க இடமுண்டு. கொள்கலன் வண்டிகள் செல்லும் புளுமெண்டல் வீதியோரத்தில் வாழும் குழந்தையின் மூச்சுக்கும், துறைமுக விரிவாக்கத்தால் படகு கட்டுமிடம் இழந்த முகத்துவாரத்து மீனவனின் தொழிலுக்கும், தலைமுறைகளாக வாழ்ந்த முடுக்கை விட்டு எட்டாம் மாடிக்கு அனுப்பப்பட்ட மூதாட்டியின் அயலுறவுக்கும் ஒரு கணக்கு உண்டு. அதனை எழுதுவதற்கு இன்று எந்த அமைப்பும் இல்லை. துறைமுக அதிகார சபை அது தன் எல்லைக்கு வெளியே நிகழ்வது எனும். மாநகர சபை அது தன் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது எனும்.

ஆகவே கொழும்பின் எதிர்காலத் திட்டம் எதுவாயினும் அது குறைந்தபட்சம் மூன்றினைச் செய்தல் வேண்டும் என நாம் கருதுகின்றோம். முதலாவது, துறைமுக நிலமும் துறைமுக நகர நிலமும் நகரத் திட்டத்துக்குள் கொண்டுவரப்படுதல். இரண்டாவது, துறைமுக வருமானத்தில் ஒரு குறித்த பங்கு அதன் சுமையைத் தாங்கும் வட்டாரங்களின் வீடமைப்புக்கும் சுகாதாரத்துக்கும் சட்டப்படி ஒதுக்கப்படுதல். மூன்றாவது, துறைமுகத்தின் விரிவாக்கம் பற்றிய தீர்மானங்களில் கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், மட்டக்குளி ஆகிய பகுதிகளின் மக்களும் துறைமுகத் தொழிலாளரும் பங்கு கொள்ளுதல். இவை துறைமுகத்தின் வளர்ச்சிக்கு எதிரானவை அல்ல. துறைமுகத்தால் உருவாக்கப்பட்ட மக்களுக்கு அதன்மீதுள்ள உரிமையை ஏற்பவை மாத்திரமே.

புகாரின் இரு பாக்கங்களுக்கும் இடையே நாளங்காடி இருந்தது என முன்னர் குறிப்பிட்டோம். நெடுங்காலம் கொழும்பின் நாளங்காடியாக விளங்கியது புறக்கோட்டை. கப்பற்காரனும் கடைக்காரனும் மூட்டை சுமப்போனும் அங்கே ஒருவரையொருவர் கண்டனர், பேரம் பேசினர், சண்டையுமிட்டனர். நிரப்பப்பட்ட புதிய நிலத்தின் வரைபடத்தில் அத்தகைய இடமொன்றை நாம் காணவில்லை. அதற்கு இடம் விடும்படி கேட்கும் உரிமை இந்நகரின் மக்களுக்கு உண்டு. அவ்வுரிமைக்கு வேண்டிய சான்றுகளைத் திரட்டித் தருவது வரலாற்றாய்வாளரின் கடன்.